வாசலில் நின்று எண்ணுதல்: மாணவர் திறமூலத் திட்டங்களும் வெளியிடப்பட்ட கணக்குகளும்

இலக்கிய இதழ் ஒன்றின் ஓராண்டுத் தொகுப்பைக் கையில் எடுத்துப் பொருளடக்கத்தை மட்டும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எத்தனை கவிதை, எத்தனை மொழிபெயர்ப்பு என்று பார்க்கத் தொடங்கும் கண், சிறிது நேரத்தில் எத்தனை பெண்கள் எழுதியிருக்கிறார்கள் என்றும் எண்ணத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் 2009இல் தொடங்கப்பட்ட விடா என்னும் பெண் எழுத்தாளர் அமைப்பு இதனையே ஒரு முறையான பணியாகச் செய்தது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில இதழ்கள் பலவற்றை எடுத்து, எழுதியவர் யார், மதிப்புரை பெற்றவர் யார் என்று ஒவ்வொரு பெயராக எண்ணி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. பெரும்பாலான இதழ்களில் ஆண்களே மிகுதி. இதழாசிரியர்களிடமிருந்து பரவலாக வந்த விடை ஒன்றுதான்: எங்களுக்கு வந்து சேர்பவையே அப்படித்தான் இருக்கின்றன, நாங்கள் என்ன செய்ய முடியும்?

இந்த விடை மெய்யா என்பதைச் சோதிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அச்சேறியவற்றை எண்ணுவதோடு நில்லாமல், வந்து சேர்ந்தவற்றையும் எண்ண வேண்டும். அதன் பிறகு, அழைப்பை மாற்றி அனுப்பிப் பார்க்க வேண்டும். விடாவின் முதற் கணக்கு வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, இலக்கியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் உலகில் இந்தச் சோதனை நடந்து முடிந்திருந்தது. மாணவர்களுக்கான திறமூல மென்பொருள் திட்டங்களின் வரலாற்றில் அது ஒரு சிறிய அத்தியாயம். பங்கேற்பாளர் யார் என்ற கணக்கை எடுப்பதாலும் அதனை வெளியிடுவதாலும் என்ன நேர்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை. எனவே அதனை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விழைகிறோம்.

*

திறமூல மென்பொருள் என்பதை இலக்கிய வாசகர்க்கு விளக்குவது கடினமன்று. ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தவர் பிழை கண்ட இடத்தில் திருத்தினார். உரை எழுதியவர் தம் விளக்கத்தைச் சேர்த்தார். அடுத்துப் படியெடுத்தவர் இரண்டையும் ஏற்றுக்கொண்டார் அல்லது விலக்கினார். மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் இசைவு தந்து வெளியிடுவது இதைப் போன்றதே. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டமும், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸும் இவ்வியக்கத்தின் இரு பெரும் தூண்கள். தொடக்கம் முதலே மாணவர்களுக்கு இவ்வுலகில் ஒரு தனி இடம் இருந்திருக்கிறது.

இவ்வுலகம் தன்னைப் பற்றிப் பெருமையோடு சொல்லிக்கொண்ட ஒரு செய்தி உண்டு. இங்கே முகம் தெரியாது, ஊர் தெரியாது, பட்டம் தெரியாது. அனுப்பிய நிரல் நன்றாயிருந்தால் ஏற்பார்கள், இல்லையேல் மறுப்பார்கள் என்பதே அது. நிரல் மட்டுமே பேசும் இடத்தில் ஆட்களை எண்ணுவது எதற்கு என்ற கேள்வியும் இதிலிருந்தே பிறந்தது. எண்ணாமல் இருப்பதே சமத்துவம் என்று மனமார நம்பியவர்கள் பலர். அவர்களைக் கபடர் என்று சொல்ல நாம் துணியவில்லை.

ஆனால் எண்ணியபோது தெரிந்தது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு நடந்து 2002இல் வெளியான ஆய்வில் 2784 திறமூல நிரலாளர்கள் விடையளித்தனர். அவர்களுள் பெண்கள் 1.1 விழுக்காடு. 2006இல் வெளியான அதன் தொடர் ஆய்வு இன்னொரு ஒப்பீட்டையும் முன்வைத்தது: நிறுவனங்கள் தம் உரிமையில் உருவாக்கும் மென்பொருள் துறையில் பெண்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு இருந்தபோது, எவரும் தடுக்காத, கதவே இல்லாத திறமூல உலகில் அவர்கள் இரண்டு விழுக்காட்டை எட்டவில்லை. கதவே இல்லாத வீட்டுக்குள் ஏன் ஒரு சாரார் மட்டும் நுழையவில்லை? இவ்வினாவை எழுப்புவதற்கே முதலில் ஒரு எண் தேவைப்பட்டது.

*

2005ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் ‘சம்மர் ஆஃப் கோட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கோடை விடுமுறையில் படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைகளுக்குச் செல்லும் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி, அம்மாதங்களில் திறமூலத் திட்டங்களுக்கு நிரல் எழுதச் செய்வதே நோக்கம். கிறிஸ் டிபோனா இதனை முன்னின்று நடத்தினார். நிரலைக் கேட்பதும் வழிகாட்டுவதும் அந்தந்தத் திறமூலத் திட்டக்குழுவின் பொறுப்பு, பணம் கூகிளுடையது. முதலாண்டில் 200 மாணவர்களை எடுப்பதாக எண்ணியிருந்தார்கள். 8700க்கும் மேற்பட்ட திட்ட வரைவுகள் வந்து குவிந்ததால் 400க்கும் சற்று மிகுதியானவர்களை எடுத்தார்கள். ஆளுக்கு 4500 டாலர். இரண்டாம் ஆண்டில் 630 மாணவர்கள், மூன்றாம் ஆண்டில் 900க்கு மேல், நான்காம் ஆண்டில் 1100க்கு மேல் என்று திட்டம் வளர்ந்தது.

வளர்ச்சியோடு ஒரு வழக்கமும் வேரூன்றியது. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்தபின் எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர், எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து எத்தனை பேர், இளநிலை எத்தனை, முதுநிலை எத்தனை, முனைவர் பட்ட ஆய்வாளர் எத்தனை என்று திட்டத்தை நடத்தியவர்கள் பட்டியல் வெளியிட்டனர். ஆண் பெண் விகிதமும் பின்னாளில் இடம்பெற்றது. கட்டாயம் எதுவும் இல்லாத நிலையில் தாமாகவே வெளியிட்ட கணக்கு இது. இதனைப் பாராட்ட வேண்டும். அதே வேளையில், பட்டியல் எந்த இடத்தில் நின்று எடுக்கப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். பெரும்பாலும் அது தேர்வானவர்களின் பட்டியல். வீட்டுக்குள் வந்து அமர்ந்தவர்களின் தலைக்கணக்கு. வாசல் வரை வந்து திரும்பியவர், வாசலுக்கே வராதவர் பற்றி அது பேசாது.

*

வாசலில் நின்று எண்ணிய நிகழ்ச்சி 2006இல் நடந்தது. லினக்ஸ் கணினிகளில் திரை முகப்பாக விளங்கும் க்னோம் திட்டக்குழு, அவ்வாண்டு கூகிள் திட்டத்துக்குத் தமக்கு வந்த மாணவர் விண்ணப்பங்களைப் பார்த்தது. மொத்தம் 181. அவற்றுள் பெண்கள் அனுப்பியவை ஒன்றுகூட இல்லை.

தேர்வானவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இது வழக்கமான செய்தியாகப் போயிருக்கும். சில பத்து இடங்களுக்கான தேர்வில் பெண் எவரும் இல்லை என்றால், தற்செயல் என்றோ தகுதி என்றோ சொல்லிக் கடந்துவிடலாம். 181 விண்ணப்பங்களில் ஒருவர்கூட இல்லை என்பதைத் தகுதி என்ற சொல்லால் விளக்க முடியாது. தேர்வாளரின் ஓரவஞ்சனை என்றும் விளக்க முடியாது, ஏனெனில் தேர்வு அதற்குப் பிறகுதான் வருகிறது. தடை எதுவாயினும் அது விண்ணப்பத்துக்கும் முந்தைய இடத்தில் இருந்தது.

ஹன்னா வாலக், கிறிஸ் பால் ஆகிய இருவரும் அக்கோடையிலேயே பெண்களுக்கென ஒரு திட்டத்தை க்னோமில் அமைத்தனர். ஆளுக்கு 3000 டாலர் உதவித்தொகை. முதலில் அறிவித்தது மூன்று இடங்கள். பணி அதேதான், வழிகாட்டிகளும் அதே குழுவினர்தாம். மாறியது அழைப்பு மட்டுமே: பெண்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறோம் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. 100க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தனர். இடங்கள் ஆறாக உயர்த்தப்பட்டன.

ஒரே கோடை, ஒரே திட்டக்குழு. ஓர் அழைப்புக்குச் சுழியம். இன்னோர் அழைப்புக்கு நூறு. பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று அதுவரை சொல்லப்பட்ட விளக்கத்தை இவ்விரு எண்களும் சேர்ந்து தகர்த்தன. பொதுவான அழைப்பு தம்மையும் உள்ளடக்கியது என்று அவர்கள் நம்பியிருக்கவில்லை என்பதே எஞ்சிய விளக்கம். யாவரும் வருக என்று எழுதிய பலகையை எல்லாரும் ஒன்றுபோல் வாசிப்பதில்லை. இது இலக்கிய உலகில் இருக்கும் நமக்குப் புதிய செய்தியும் அன்று. படைப்புகள் வரவேற்கப்படுகின்றன என்ற ஒற்றை வரியைப் படித்துத் தயங்காமல் கட்டுக்கட்டாய் அனுப்புபவர் உண்டு. ஆசிரியரே பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய அனுப்பாதவரும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 181, சுழியம் என்ற எண்கள் வெளியே சொல்லப்படாமல் குழுவுக்குள்ளேயே தங்கியிருந்தால், அக்கோடைத் திட்டத்தின் காரணத்தை எவருக்கும் விளக்கியிருக்க முடியாது. பெண்களுக்கு மட்டும் ஏன் தனித் திட்டம் என்று கேட்டவர்களுக்கு விடை அந்த எண்ணாகவே இருந்தது.

*

2006ஆம் ஆண்டின் முயற்சி உடனே தொடர்ச்சி பெறவில்லை. நான்காண்டுகள் கழித்து, ரெட் ஹாட் நிறுவனத்தில் பணியாற்றிய க்னோம் நிரலாளர் மரீனா ஜுராகின்ஸ்காயா அதனை மீண்டும் கையில் எடுத்தார். 2010 டிசம்பரில் தொடங்கிய முதற் சுற்றில் எட்டுப் பெண்கள். நிரல் எழுதுவது மட்டுமின்றி ஆவணமாக்கல், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கும் இடம் தரப்பட்டது. விண்ணப்பிக்கும் முன்னரே வழிகாட்டியோடு பேசிச் சிறு பங்களிப்பு ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்ற விதி தயக்கத்தை உடைக்கும் கருவியாயிற்று. அந்நியமான ஓரிடத்துக்கு விண்ணப்பம் அனுப்புவதைக் காட்டிலும், அறிமுகமான ஒருவரோடு வேலை செய்யத் தொடங்குவது எளிதாக இருந்தது.

2013இல் லினக்ஸ் கெர்னல் இத்திட்டத்தில் சேர்ந்தது. கணினியின் வன்பொருளோடு நேரடியாக உறவாடும் இந்த அடித்தள நிரலைத் திறமூல உலகத்தின் கருவறை எனலாம். புதியவர்களிடம் கடுமையாக நடந்துகொள்ளும் இடம் என்ற பெயரும் அதற்கு இருந்தது. விண்ணப்பக் காலமான இரண்டு வாரத்துக்குள் 41 பேர் சேர்ந்து 374 திருத்தங்களை அனுப்பினர், 137 ஏற்கப்பட்டன. தேர்வுக்கு முன்பே, உதவித்தொகை எதுவும் கிட்டும் என்ற உறுதி இல்லாத நிலையில் செய்யப்பட்ட வேலை இது. இங்கும் எண்ணிக்கை வாசலில்தான் எடுக்கப்பட்டது, அதனால்தான் அது பேசியது.

2015இல் இத்திட்டம் அவுட்ரீச்சி என்று பெயர் மாறி, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின்கீழ் வந்தது. அமெரிக்காவில் வாழும் கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடியினர் ஆகியோருக்கும் அப்போது கதவு திறந்தது. மரீனா 2022இல் மறைந்தார். எட்டுப் பேரோடு அவர் தொடங்கிய முயற்சி அதற்குள் ஆயிரம் பேரை எட்டிக் கடந்திருந்தது.

கூகிளின் திட்டத்திலும் பெண்கள் பங்கு மெல்ல உயர்ந்து, 2010களின் நடுப்பகுதியில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்ற அளவை அடைந்தது. இது பெருமைப்படத்தக்க எண்ணா என்று ஒருவர் கேட்கலாம். கிட்ஹப் நிறுவனம் 2017இல் வெளியிட்ட திறமூலக் கணக்கெடுப்பில் விடையளித்தோருள் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் பெண்கள். அதனோடு ஒப்பிட்டால், மாணவர் திட்டங்கள் தாம் இருக்கும் உலகத்தைவிட முன்னே நடந்தன என்பது விளங்கும். அதே 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, நிரல் மட்டுமே பேசும் என்ற பழைய நம்பிக்கையை நேராகவே உரசிப் பார்த்தது. பெண்கள் அனுப்பிய திருத்தங்கள் ஒட்டுமொத்தமாக ஆண்களுடையவற்றைவிடக் கூடுதல் விகிதத்தில் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் குழுவுக்குப் புதியவராக இருந்து, பெண் என்பதும் வெளியே தெரிந்தால் அவ்விகிதம் ஆண்களுடையதற்குக் கீழே இறங்கியது.

*

பட்டியல் வெளியிடுவதன் இன்னொரு விளைவைக் காண நாம் இலங்கைக்குச் செல்ல வேண்டும். கூகிள் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளுக்கான பல்கலைக்கழக வரிசையில் முதலிடம் பெற்றது அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் எதுவுமன்று. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் ஒன்றும் அன்று. கொழும்புக்குத் தெற்கே உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகமே அது.

இதற்குக் காரணங்கள் உண்டு. 2003இல் தொடங்கப்பட்ட லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், இலங்கையிலிருந்தே உலகத் திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க வேண்டும் என்ற குறிக்கோளோடு இயங்கியது. அதனை நிறுவிய சஞ்சீவ வீரவரண மொறட்டுவையில் கற்பித்தவர். அப்பாச்சி குழுவின் மென்பொருள்களில் இலங்கை இளைஞர்கள் அழுத்தமாகக் காலூன்ற வழிசெய்தவர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமற்போனோரைப் பதிவு செய்யவும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கிடவும் இலங்கை நிரலாளர்கள் சில வாரங்களில் சஹானா என்னும் மென்பொருளை எழுதினர். 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலன் விருதை அது பெற்றது. ஆக, மொறட்டுவை மாணவர் ஒருவருக்குத் திறமூலம் என்பது தொலைதேசத்துச் செய்தியாக இருக்கவில்லை. ஆசிரியர் அதில் இருந்தார்; மூத்த மாணவர் அதில் இருந்தார்; நாட்டின் பேரிடர் ஒன்றில் அது பயன்பட்டிருந்தது.

இத்தனையும் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்தது ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. ஆனால் அந்த எண் அச்சாகி ஊருக்குத் தெரிந்ததும் அடுத்த ஆண்டு மாணவருக்கு அது ஓர் அறைகூவலாயிற்று. அண்ணன் போனார், நானும் போகலாம் என்று இளையவர் நினைத்தார். வெளியிடப்பட்ட கணக்கு நிகழ்ந்ததைக் காட்டியதோடு, அடுத்து நிகழ இருந்ததையும் ஓரளவு தீர்மானித்தது. 2006இன் சுழியம் எப்படி ஒரு திட்டத்தைப் பிறப்பித்ததோ, அப்படியே இந்த முதலிடமும் ஒரு மரபைப் பிறப்பித்தது.

*

2010களில் இந்தியா நாடுகளின் வரிசையில் முதலிடத்துக்கு வந்து, அப்பத்தாண்டு முடிவதற்குள் தேர்வானோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்திய மாணவர்கள் என்ற நிலை உருவாயிற்று. நாட்டு வாரியான கணக்கு வெளியானதால்தான் இது உலகறிந்த செய்தியாயிற்று. இதே காலத்தில் உதவித்தொகை முறையும் மாறியது. முன்னர் எந்த நாட்டினராயினும் ஒரே தொகை. 2017 முதல் அந்தந்த நாட்டின் வாங்கும் திறனை அளவாகக் கொண்டு தொகை வகுக்கப்பட்டது. 2018இல் மிகக் குறைந்த தொகை 2400 டாலர். மிகக் கூடிய தொகை 6600 டாலர். இந்திய மாணவர் கீழ்ப்படியில் இருந்தார்.

இது நியாயமா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. ஒரே நிரலுக்கு இரு விலையா என்பது ஒரு பக்கம். 2400 டாலருக்கு இந்தியச் சிற்றூரில் உள்ள மதிப்பு நியூயார்க்கில் 6600க்கு இராது என்பது மறுபக்கம். அவுட்ரீச்சி எல்லா நாட்டினருக்கும் ஒரே தொகை என்ற கொள்கையைக் கடைப்பிடித்தது. நாம் இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. நாட்டுவாரிக் கணக்கு கையில் இருந்தால்தான் இவ்விரு கொள்கைகளில் எது யாரைக் கொண்டுவந்தது, யாரை விலக்கியது என்று ஒருவர் வாதிட முடியும் என்பதை மட்டும் சுட்ட விரும்புகிறோம்.

கோடை என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கும் கணக்கு ஒன்றும் உண்டு. வட கோளத்தின் கோடை பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குளிர்காலம். வகுப்புகள் நடக்கும் காலம். அங்கிருந்து பங்கேற்பவர் படிப்பையும் நிரலையும் ஒருசேரச் சுமக்க வேண்டும். அவுட்ரீச்சி ஆண்டுக்கு இரு சுற்றுகளை அமைத்து, டிசம்பரில் ஒன்றைத் தொடங்கியது இதனை உணர்ந்துதான். நாட்காட்டிகூட ஒரு வாசற்படி என்பதை நாட்டுவாரிப் பட்டியல் இல்லாமல் எவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

*

இனி, கேட்கப்படாத கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் என்று பட்டியல் சொன்னது. அவர்கள் எந்தக் கல்லூரியினர் என்றும் சொன்னது. ஐதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகம் போன்ற, கடும் நுழைவுத் தேர்வுகளின் வழியே சேரத்தக்க நிறுவனங்கள் அதில் முன்னே நின்றன. அதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி எத்தனை பேர், தாய்மொழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர் எத்தனை பேர், எந்தச் சாதியினர் எத்தனை பேர் என்ற கேள்விகள் அதில் இல்லை. அமெரிக்காவில் வகுக்கப்பட்ட இனப் பிரிவுகளின் கணக்கில் இந்தியர் அனைவரும் ஆசியர் என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவர். அந்தக் கட்டத்துக்குள் உள்ள மேடு பள்ளம் கட்டத்தை வரைந்தவருக்குத் தெரிய நியாயமில்லை.

அவுட்ரீச்சி 2010களின் இறுதியில் இதற்கு வேறொரு வழியைக் கையாண்டது. பட்டியலில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல், உங்கள் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் நீங்கள் எவ்வகையில் குறைந்த எண்ணிக்கையில் இருக்கிறீர்கள், கல்வியிலும் பணி தேடலிலும் என்ன பாகுபாட்டைச் சந்தித்தீர்கள் என்று விண்ணப்பதாரரையே கட்டுரையாக எழுதச் சொன்னது. சாதி என்ற சொல்லே இல்லாத நாட்டில் வடிவமைக்கப்பட்ட படிவம் ஒன்றில், சாதியால் விலக்கப்பட்டவர் தம் நிலையைச் சொல்ல இதனால் ஓரிடம் பிறந்தது. எழுத்தை நம்பும் நமக்கு இந்த ஏற்பாடு உவப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எனினும் இதற்கும் ஒரு விலை உண்டு. தன் காயத்தை முன்பின் அறியாதவர் முன் ஆங்கிலத்தில் எழுதிக்காட்டினால்தான் வாய்ப்பு என்பது சுமையே. கட்டுரைகளைக் கூட்டிக் கழித்து ஓர் எண்ணாக்கவும் இயலாது. அவற்றை வெளியிடுவதும் முறையாகாது.

வெளியிடுவதில் உள்ள ஆபத்து மெய்யானது. பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் திருநர் ஒருவர் என்று கணக்கு சொன்னால், அவர் யார் என்று கண்டுபிடிக்கச் சில நிமிடம் போதும். தன்பாலீர்ப்பு தண்டனைக்குரிய குற்றமாக உள்ள நாடுகளிலிருந்தும் மாணவர்கள் இத்திட்டங்களுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரம் வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பிய கடிதம்போல் ஆகிவிடலாம். அதனால்தான் இத்தகைய விவரங்களை விருப்பமுள்ளோர் மட்டும் சொல்லலாம் என்று வைப்பதும், மிகச் சிறிய எண்களைத் தனித்துக் காட்டாமல் பெரிய தொகுதிகளோடு சேர்த்துக் காட்டுவதும், பெயர்ப் பட்டியலையும் இவ்விவரங்களையும் ஒருபோதும் ஒன்றாக வைக்காதிருப்பதும் நல்ல வழக்கங்களாகக் கருதப்படுகின்றன. விடை தர மறுத்தவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து வெளியிட்டால்தான் விழுக்காடுகளுக்குப் பொருள் உண்டு.

*

தாமாக வெளியிடும் கணக்குக்கு ஓர் இயல்பு உண்டு: வெளியிட்டவர் விரும்பினால் நிறுத்திவிடலாம். மாணவர் திட்டத்தின் நாட்டுவாரிக் கணக்கை ஆண்டுதோறும் மகிழ்வோடு வெளியிட்ட அதே கூகிள், தன் பணியாளர்களின் இன, பாலினக் கணக்கை நெடுங்காலம் வெளியிடவில்லை. கலிபோர்னியச் செய்தித்தாள் ஒன்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அக்கணக்கைக் கேட்டபோது, அது வணிகத்துக்கு ஊறு விளைவிக்கும் என்று மறுத்த நிறுவனங்களில் கூகிளும் ஒன்று என்பது 2010இல் வெளியான செய்தி. 2013இல் பொறியாளர் டிரேசி சௌ, எண்கள் எங்கே என்று பொதுவெளியில் கேட்டு, நிறுவனங்களில் எத்தனை பெண் பொறியாளர்கள் என்று அவரவரே நிரப்பக்கூடிய ஒரு திறந்த பட்டியலைத் தொடங்கினார். 2014 மே மாதம் கூகிள் தன் கணக்கை வெளியிட்டது: பணியாளருள் பெண்கள் 30 விழுக்காடு, தொழில்நுட்பப் பணிகளில் 17 விழுக்காடு. மற்ற பெரு நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. பதினோராண்டுகள் கழித்து, 2025இல், அமெரிக்க அரசியற் காற்று மாறியபோது கூகிள் பணியமர்த்தலில் தனக்கு வைத்திருந்த பன்முகத்தன்மை இலக்குகளைக் கைவிட்டது. எண்ணுவதை ஊக்குவிக்கும் காலமும் எண்ணுவதைச் சந்தேகிக்கும் காலமும் மாறி மாறி வரும் என்பதை இப்பதினோராண்டு வரலாறு காட்டுகிறது.

மாணவர் திட்டமும் மாறிவிட்டது. 2022 முதல் கூகிளின் திட்டம் மாணவர்க்கு மட்டுமானதாக இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய, திறமூலத்துக்குப் புதியவரான எவரும் சேரலாம் என்றாயிற்று. மாணவர் என்ற சொல்லை நீக்கிப் பங்களிப்பாளர் என்ற சொல்லைப் புகுத்தினார்கள். வேலையிழந்து வேறு துறை தேடுபவர், பிள்ளை வளர்ப்புக்காகப் படிப்பை விட்டவர், கல்லூரிக்கே செல்லாதவர் ஆகியோருக்கு இது நல்ல செய்தி. ஆனால் கல்லூரிப் பெயரை மட்டும் கேட்டு எடுத்த பழைய கணக்கு இவர்களைக் காட்டாது. வாசலை அகலப்படுத்தும்போது கேள்விகளையும் மாற்றியாக வேண்டும்.

இருபது ஆண்டுகளின் இவ்வரலாற்றிலிருந்து நமக்குத் தேறும் பாடம் எளியது. ஒரு திட்டம் நான்கு எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்: விண்ணப்பித்தவர், தேர்வானவர், முடித்தவர், ஓராண்டு கழித்தும் அங்கேயே நீடிப்பவர். இவற்றுள் இரண்டாவதை வெளியிடுவது எளிது. அது மகிழ்ச்சியான பட்டியல். முதலாவதை வெளியிட மனத்துணிவு வேண்டும், ஏனெனில் நம் அழைப்பு யார் காதில் விழவில்லை என்பதை அது காட்டிவிடும். நான்காவதை வெளியிடப் பொறுமை வேண்டும். கோடைத் திட்டங்களில் பங்கேற்றவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள், அவர்களுள் பெரும்பாலோர் திட்டம் முடிந்தபின் அக்குழுவில் நெடுங்காலம் தங்குவதில்லை என்றே கூறுகின்றன. உள்ளே அழைத்ததோடு கடமை முடியவில்லை என்று இதற்குப் பொருள்.

இலக்கிய இதழ் நடத்துவோருக்கும் தொகை நூல் பதிப்பிப்போருக்கும் இந்நான்கு எண்களும் பொருந்தாமல் இல்லை. வந்த படைப்புகள் எத்தனை, அவற்றை எழுதியவர் யார், ஒரு முறை மறுக்கப்பட்டவர் மீண்டும் எழுதி அனுப்பினாரா, முதற் படைப்பு வெளியானவர் இரண்டாவதையும் எழுதினாரா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் குறித்துவைக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஓராண்டு முடிவில் அதனை ஒரு பக்கத்தில் அச்சிடலாம். எவர் எழுதவில்லை என்ற பேச்சை அடுத்த முறை நாம் தொடங்கும்போது, நம் அழைப்பு அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதா என்று கேட்க அப்பக்கம் உதவும்.